சிவப்பு என்றால் ஒதுக்கி வை

பாரிசின் லா சப்பலில் பூசைச் சாமான் விற்கும் கடைக்குள் நான் நுழைந்தால், என்னோடு வேலை செய்யும் மாலி நாட்டுக்காரன் வாசலிலேயே நின்று சுட்டுவிரலை ஆட்டுவான். சிவப்பு வாங்கக் கூடாது என்று அர்த்தம். கற்பூரம் வாங்கலாம், ஊதுபத்தி வாங்கலாம், விபூதி எத்தனை பொட்டலம் வேண்டுமென்றாலும் வாங்கலாம். குங்குமத்தின் பக்கம் கை போனால் மட்டும் தெரு முழுக்கக் கேட்கும்படி பிரெஞ்சில் கத்துவான். கடைக்கார அண்ணை முதல் தடவை பயந்துபோய், "தம்பி, இவர் ஆர்? உமக்கு ஏதும் பிரச்சினையோ?" என்று கேட்டார். இப்போது அவரும் பழகிவிட்டார். நான் உள்ளே வந்ததும் குங்குமப் பெட்டியை எடுத்து மேல்தட்டில் வைத்துவிட்டுத்தான் என்னோடு பேசத் தொடங்குகிறார்.

இந்த மானக்கேட்டுக்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. ஒரே பிழையை இரண்டு தரம் செய்தவன் நான். முதல் தரம் மாட்டில், இரண்டாம் தரம் இரும்பில்.

மாட்டிலிருந்து தொடங்குகிறேன். ஊரில் நான் கூட்டுறவுச் சங்கக்கடையில் கணக்கப்பிள்ளை. கல்யாணம் முடித்து ஏழாம் மாதம் பிரான்சுக்கு வெளிக்கிட்டேன். ஒரு வருசத்தில் மனைவியைக் கூப்பிடுவேன் என்று விமான நிலையத்தில் வைத்து வீராப்பாகச் சொன்னேன். இங்கே வந்தால் என் அகதி வழக்கை இரண்டு தரம் தள்ளுபடி செய்தார்கள். வேலை தருகிறேன் என்று ஒரு முதலாளி கையெழுத்து வைத்தால் விசா கிடைக்கலாம் என்பதுதான் மிச்சமிருந்த வழி. ரூ லூயி-பிளாங்க் தெருவில் விமான டிக்கெட் போடும் கடையில் நின்றபோது ஒருவர் சொன்னார், நோர்மன்டியில் ஒரு அம்மா முப்பத்தெட்டு மாடுகளோடு தனியாகக் கஷ்டப்படுகிறார், வேலைக்குப் போகிற ஒருவரும் ஒரு மாதத்துக்கு மேல் நிற்பதில்லை என்று. தொலைபேசியில் அந்த அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: மாடு தெரியுமா?

"ஓம், தெரியும்" என்றேன். பொய் இல்லை. எங்கள் வீட்டில் ஒரு மாடு நின்றது. அம்மா கறப்பா, நான் குடிப்பேன்.

முதல் நாள் காலையிலேயே குட்டு வெளிப்பட்டது. பால் கறக்கும் இயந்திரத்தின் குழாயை நான் பிடித்த பிடியைப் பார்த்துவிட்டு முதலாளி அம்மா, "உங்கட ஊர் மாட்டுக்கு எத்தினை கால்?" என்று கேட்டார். அவர் பேசியது பிரெஞ்சுதான். ஆனால் எனக்கு எல்லாரும் யாழ்ப்பாணத் தமிழில் பேசியதாகத்தான் ஞாபகம் நிற்கிறது. அதற்கு நான் என்ன செய்ய? முதல் கிழமை ஒரு கறுப்பு வெள்ளை மாடு என்னை உதைத்துச் சாணிக்குள் இருத்தியது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எழும்பி நின்று அந்த மாட்டைத் தமிழில் கிழித்துத் தொங்கவிட்டேன். அது காதை ஆட்டியபடி முழுவதையும் கேட்டது. அன்றிலிருந்து என்னோடு நல்ல வாரப்பாடு, போகுமிடமெல்லாம் பின்னால் வரும்.

மூன்று வருசம் நின்றேன். வேலை கடினம், ஆனால் பிடித்திருந்தது. குளிரில் கன்றுகளின் மூக்கிலிருந்து புகை வருவது பிடிக்கும். வாளியின் சத்தம் கேட்டதும் முப்பத்தெட்டு தலைகளும் ஒரே நேரத்தில் திரும்புவது பிடிக்கும். மாடுகளோடு எப்போதும் தமிழில்தான் பேசுவேன். "தள்ளி நில்", "அங்கால போ", "சும்மா கிட" எல்லாம் அவற்றுக்கு விளங்கும். கடைசியில் முதலாளி அம்மாவே, தன் மாடுகள் தன் பேச்சைக் கேட்பதில்லை என்று முறைப்பாடு வைத்தார். "அங்கால போ" என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். நோர்மன்டி மூக்கால் அவர் அதைச் சொல்லும்போது மாடுகளைவிட நான்தான் முதலில் நகர்ந்தேன்.

அந்தப் பண்ணையில் ஒரு சட்டம் இருந்தது. மருந்தூசி போட்ட மாட்டின் பின்தொடையில் முதலாளி அம்மா சிவப்பு மை விசிறுவார். அந்த மாட்டின் பால் விற்பனைத் தாங்கிக்குள் போகக் கூடாது, தனியே கறந்து ஊற்றிவிட வேண்டும். சிவப்பு என்றால் ஒதுக்கி வை. வந்த முதல் நாளே சொல்லித் தந்தார். நானும் தலையாட்டினேன்.

பிறகு பட்டிப் பொங்கல் வந்தது. ஊரில் ஒற்றை மாட்டையே குளிப்பாட்டி, பொட்டு வைத்து, மாலை போட்டுப் பொங்குவோம். இங்கே முப்பத்தெட்டு மாடுகள் நிற்கின்றன, நான் சும்மா இருப்பதா? முதலாளி அம்மா பல் வைத்தியரிடம் போயிருந்தார். நான் எரிவாயு அடுப்பில் பொங்கினேன். சுடுதண்ணீரில் துணியை நனைத்து மாடுகளைத் துடைத்தேன். குங்குமத்தைக் குழைத்து நெற்றியில் ஒரு பொட்டு வைத்தேன். அத்தோடு நின்றிருக்கலாம். குழைத்தது மிஞ்சிவிட்டதே என்று பின்தொடையிலும் ஆளுக்கொரு வட்டம் போட்டேன். தள்ளி நின்று பார்த்தபோது பட்டி முழுக்க மங்களமாக இருந்தது.

அன்று பின்னேரம் கறவைக்கு முதலாளி அம்மாவுக்குப் பதிலாக வெளியிலிருந்து ஒருவர் வந்தார். நான் கன்றுக் கொட்டிலில் நின்றேன். கறவை மேடையில் நிற்கிறவனுக்கு மாட்டின் நெற்றி தெரியாது, பின்தொடை மட்டும்தான் தெரியும். சிவப்பு, சிவப்பு, முப்பத்தெட்டும் சிவப்பு. இந்தப் பண்ணையில் என்ன கொள்ளை நோயோ என்று பாவம் அந்த மனிதர் பயந்து, சட்டப்படி முழுப் பாலையும் கழிவுக் கானுக்குள் ஊற்றிவிட்டார்.

முதலாளி அம்மா வீங்கிய கன்னத்தோடு வந்து வெறும் தாங்கியைப் பார்த்தார். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் இருந்தார். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. வலியாலா கோபத்தாலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான்காம் நாள் வந்து, "அந்தப் பண்டிகை அடுத்த வருசம் எப்ப? முதலே சொல்லு. வேற நிறம் எடு" என்றார். அடுத்த வருசம் மஞ்சள் பூசினோம். 'பூசினோம்' என்றுதான் சொல்ல வேண்டும், பாதி மாடுகளுக்கு அவர்தான் பூசினார். என் விசாவுக்கான கையெழுத்தையும் அவர்தான் வைத்தார். அந்த மனுசியை நினைக்காத நாள் இல்லை.

விசா வந்தது. மனைவி வரவில்லை. குடும்பத்தைக் கூப்பிட இரண்டு விசயம் வேண்டும் என்றார்கள்: இரண்டு பேர் வாழக்கூடிய வீடு, நிரந்தர வேலை. நான் இருந்ததோ பால் தாங்கிக்குப் பின்னால் ஒரு அறையில். அதற்கிடையில் முதலாளி அம்மாவுக்கு ஓய்வு வயது வந்து மாடுகளை விற்றார். நான் ஒரு பையோடு பாரிசுக்குத் திரும்பி, சென் தெனியில் நான்கு பேரோடு ஒரு அறையில் ஒட்டிக்கொண்டேன். பிறகு எபினேயில் ஒரு சின்ன வீடு அகப்பட்டது. வீடு ஆயிற்று. நிரந்தர வேலைதான் பாக்கி.

தண்டவாளம் பழுதுபார்க்கும் ஒரு கம்பனியில் தற்காலிகமாக எடுத்தார்கள். பண்ணையில் வேலை செய்தவன் என்றதும், மழையிலும் குளிரிலும் நிற்பான் என்று ஷெஃப்புக்குப் பிடித்துவிட்டது. ஷெஃப் என்றால் சமையல்காரர் இல்லை, எங்கள் ஏழு பேருக்கும் தலைவர். போர்த்துக்கல்காரர். கழுத்தில் சிலுவை, மூக்கில் கண்ணாடி, சட்டைப் பையில் எப்போதும் ஒரு வெள்ளைச் சோக்கு. கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து வடக்கே போகும் பாதைகளில், தண்டவாளத்தைத் தாங்கும் சிலிப்பர் கட்டைகளில் உக்கிப்போனவற்றை இழுத்தெடுத்துப் புதியதைச் செருகுவதும், சல்லிக்கல்லை இறுக்குவதும் எங்கள் வேலை. மாலிக்காரன் ஜாக்கியால் தண்டவாளத்தைத் தூக்கிப் பிடிப்பான். நான் கீழே கையை விட்டுக் கட்டையை நேராக்குவேன். என் கை அவனை நம்பி, அவன் ஜாக்கியை நம்பி. பகிடி விட்டுச் சிரித்தபடிதான் செய்வோம்.

இங்கேயும் ஒரு சட்டம். பழுதான கருவியில் சிவப்புப் பெயின்ற் அடித்து, கருவிகள் வைக்கும் கொன்டெய்னரின் மூலையில் போட வேண்டும். ஷெஃப் அதை எடுத்துச் சோதித்து, சரியென்றால் வெள்ளைச் சோக்கால் ஒரு கோடு இழுத்த பிறகுதான் திரும்பத் தொடலாம். முதல் நாளே சொன்னார். நானும் தலையாட்டினேன். இந்தத் தலையாட்டலை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதல்லவா?

இரண்டாம் வருசம் இலையுதிர்காலம். என்னை நிரந்தரமாக்குவதா வீட்டுக்கு அனுப்புவதா என்று அந்த மாதம் முடிவதற்குள் கம்பனி சொல்ல வேண்டும். ஷெஃப் என்னைப் பற்றி ஒரு தாள் நிரப்பிக் கொடுப்பார், அதை வைத்துத்தான் முடிவு. மனைவிக்குச் சொன்னேன். தொலைபேசியில்தான்.

"இந்த முறையும் இல்லையெண்டால் என்னட்டை மறைக்காமல் சொல்லிப்போடுங்கோ. கோயிலுக்கு நேர்ந்து நேர்ந்து எனக்கு அலுத்துப்போச்சு" என்றாள்.

"இந்த முறை சரிவரும். நீர் பெட்டியைக் கட்டும்" என்றேன்.

"ஆறு வருசமாய்க் கட்டின பெட்டி. பூட்டே துருப்பிடிச்சுப்போச்சு."

அந்தப் பூட்டு என் நெஞ்சில் குத்தியது. அந்தக் கிழமைதான் சரஸ்வதி பூசை வந்தது. ஊரில் வாகனம் திருத்தும் கராச்சுக்காரர் தொடக்கம் தையல்காரர் வரை அன்றைக்குத் தங்கள் ஆயுதங்களைத் துடைத்துப் பொட்டு வைப்பார்கள். எனக்குச் சோறு போடுவது சல்லிக்கல் கிளறும் அலவாங்கும் ஜாக்கியும். மனைவியைக் கூட்டி வரப் போவதும் அவைதான். பொட்டு வைக்காமல் எப்படி?

சனிக்கிழமை பின்னேரம் கொன்டெய்னரைப் பூட்டுகிற முறை மாலிக்காரனுடையது. அவனுக்கு அவசரம். பூட்டின் திறப்பை என் கையில் தந்துவிட்டுப் போய்விட்டான். நல்ல வாய்ப்பு. லா சப்பலில் வாங்கிய குங்குமத்தைக் குழைத்தேன். எண்ணெய் பிடித்த இரும்பில் தண்ணீர்க் குங்குமம் நில்லாது என்று தேங்காய் எண்ணெயும் கொஞ்சம் சந்தனமும் சேர்த்தேன். முப்பத்தொரு கருவிகளுக்கும் பக்தியோடு பொட்டு வைத்தேன். பட்டிப் பொங்கலும் கானுக்குள் போன பாலும் அந்த ஒரு மணித்தியாலத்தில் ஒரு கணமாவது ஞாபகம் வந்திருக்கக் கூடாதா? வரவில்லை. பூட்டைப் பூட்டிக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய் நன்றாக நித்திரை கொண்டேன்.

ஞாயிறு காலை ஏழு மணியிலிருந்து பதினொரு மணிவரை ஒரு பாதையை எங்களுக்காக மூடித் தந்திருந்தார்கள். அதற்குள் பன்னிரண்டு கட்டை மாற்ற வேண்டும். ஷெஃப் கொன்டெய்னரைத் திறந்தார். திறந்தபடியே நின்றார். அவருடைய முதுகைப் பார்த்தபோதுதான் எனக்கு முப்பத்தெட்டுப் பின்தொடைகளும் வரிசையாக ஞாபகம் வந்தன.

"ஆர் செய்த வேலை இது?" என்றார் ஷெஃப்.

சுவரில் கிறுக்குகிற விடலைகள் உள்ளே வந்திருப்பார்கள் என்று ஒருவர் சொன்னார். ஆனால் பூட்டு உடையவில்லை. நானும் பூட்டைப் பார்த்தேன், வானத்தைப் பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். வாயைத் திறந்தால் தாள் போச்சு, வேலை போச்சு, துருப்பிடித்த பூட்டு அப்படியே கிடக்கும். அப்போது ஷெஃப் மாலிக்காரனின் பக்கம் திரும்பினார். "நேற்றுத் திறப்பு உன்னட்டை அல்லோ?"

மாலிக்காரன் என்னைப் பார்க்கக்கூட இல்லை. "ஓம், என்னட்டைத்தான்" என்றான்.

அந்த மடையனில் எனக்கு வந்த கோபம்! அவனுக்கென்ன, பெரிய தியாகியா? "நான்தான்" என்று கத்தினேன். பிறகு எனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதையும் ஒன்றுதிரட்டி விளக்கினேன். எங்கள் ஊரில் வருசத்துக்கு ஒரு நாள் கருவிகளுக்கு நன்றி சொல்வோம், இது பெயின்ற் இல்லை, எண்ணெயில் குழைத்த பூசைச் சாமான், துணியால் துடைத்தால் போய்விடும் என்று ஒரு அலவாங்கைத் துடைக்கவும் போனேன்.

"தொடாதை" என்றார் ஷெஃப். கழுத்துச் சிலுவையை ஒரு தரம் உருட்டினார். "எங்கட ஊரிலயும் பாதிரியார் வந்து டிராக்டருக்குத் தீர்த்தம் தெளிப்பார். ஆனால் பாதிரியார் சிவப்புப் பெயின்ற் அடிக்கிறேல்லை. எப்பிடி வந்தாலும் சிவப்பு சிவப்புத்தான். துடைச்சுப்போட்டுப் பாவிக்க விட்டால் நாளைக்கு உண்மையான சிவப்பையும் துடைப்பாங்கள். ஒவ்வொண்டாய்ப் பாத்துத்தான் வெளியில விடுவன்."

அப்படியே செய்தார். முப்பத்தொன்றையும் வெளியே அடுக்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவதும் இறக்குவதுமாக ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூடித் தந்த பாதை வெறுமனே கிடந்தது. நேரம் போய்க்கொண்டிருந்தது. ஆறு பேர் சல்லிக்கல் மேல் குந்தியிருந்து என்னைப் பார்த்தார்கள். மாலிக்காரன் மட்டும் பக்கத்தில் வந்து இருந்து, "எண்ணெய் சேர்த்திருக்கக் கூடாது" என்று நிதானமாகச் சொன்னான்.

பத்தொன்பதாவதாக வந்தது எங்கள் ஜாக்கி. ஷெஃப் அதைக் கவிழ்த்தார், விரல் நகத்தால் சுரண்டினார், வெளிச்சத்துக்குப் பிடித்தார். பிறகு எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். அடித்தட்டுக்கு மேலே, பற்கள் தொடங்கும் இடத்தில், தலைமுடி அளவு ஒரு வெடிப்பு. சாதாரண நாளில் ஒருவரும் கவிழ்த்துப் பார்க்காத இடம். அது முறிந்தால் தண்டவாளம் இறங்கும். தண்டவாளத்தின் கீழே இருப்பது என் கை.

மாலிக்காரன் என் வலது கையைப் பிடித்து விரல்களை எண்ணிப் பார்த்தான். நான் இடது கையையும் நீட்டினேன். ஷெஃப் உண்மையான சிவப்புப் பெயின்றை எடுத்து, என் பொட்டுக்கு மேலேயே அடித்து, ஜாக்கியை மூலையில் வைத்தார். அன்று ஐந்து கட்டைதான் மாற்றினோம்.

ஞாயிறு இரவு மனைவிக்கு எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். மறைக்காமல் சொல்லச் சொன்னவள் அல்லவா? "வெடிப்பைக் காட்டினது சரஸ்வதி" என்றாள் உடனே. "ஷெஃப்பின்ர கண்ணாடி" என்றேன் நான். "அந்தக் கண்ணாடியைப் போடப் பண்ணினது ஆர்?" என்றாள். கடல் தாண்டியும் என்னை வாதத்தில் வென்றுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை ஷெஃப் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் அந்தத் தாள். ஞாயிறு குறைந்த ஏழு கட்டைகளுக்கு மேலிடத்தில் பேச்சு வாங்கியிருந்தார் என்று முகத்திலேயே தெரிந்தது. "வேற குறிப்புகள்" என்ற கட்டத்தை நிரப்பிவிட்டு என் பக்கம் திருப்பினார். எழுத்துக்கூட்டி வாசித்தேன். 'கருவிகள் மீது மிகுந்த அக்கறை உள்ளவர்.'

"பொய் இல்லைத்தானே?" என்றார் ஷெஃப். "அடுத்த வருசம் வெள்ளை நிறத்தில ஏதும் இருக்கோ உங்களிட்டை?"

"இருக்கு" என்றேன். விபூதியை அவருக்கு விளங்கப்படுத்த என் பிரெஞ்சு போதவில்லை. கண் வேறு கலங்கிவிட்டது.

நிரந்தர ஒப்பந்தம் வந்தது. விண்ணப்பம் போட்டேன். எபினே வீட்டை அளந்து பார்க்க ஆள் வந்தார்கள். கடிதம் போனது, கடிதம் வந்தது. நாங்கள் பிரிந்து ஏழாம் வருசம், அடுத்த சரஸ்வதி பூசைக்கு நான்கு நாள் இருக்கும்போது, மனைவி துருப்பிடித்த பூட்டுப் போட்ட பெட்டியோடு வந்து இறங்கினாள். விமான நிலையத்தில் நான் "பயணம் எப்பிடி?" என்று கேட்டேன். அவளும் "பரவாயில்லை" என்றாள். ஏழு வருசத்துக்கு இவ்வளவுதான் இரண்டு பேருக்கும் வாயில் வந்தது.

பூசைக்கு அடுத்த நாள் காலை நான் வேலைக்கு வெளிக்கிட்டபோது, அவள் ஊரிலிருந்து கொண்டுவந்த குங்குமச் சிமிழோடு வாசலில் மறித்தாள்.

"ஐயோ, சிவப்பு வேண்டாம். அங்கை என்னை மூலையில ஒதுக்கி வைச்சிடுவாங்கள்" என்று பின்வாங்கினேன்.

"என்னை ஏழு வருசம் ஒதுக்கி வைச்சது போதாதோ?" என்றாள். குரலில் கோபம் இல்லை. "ஆடாமல் நில்லுங்கோ."

ஆடாமல் நின்றேன். நின்றுகொண்டே அழுதேன். பெரிய பொட்டாக வைத்தாள்.

கொன்டெய்னர் வாசலில் மாலிக்காரன் என் நெற்றியைப் பார்த்துத் தலையில் கை வைத்தான். ஷெஃப் வந்தார். கண்ணாடியை இறக்கினார். "சிவப்பு" என்றார். என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கையை மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார், பல்லைக் காட்டச் சொன்னார். "மனுசி வந்திட்டாவோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். சட்டைப் பையிலிருந்து சோக்கை எடுத்து என் தலைக்கவசத்தில் வெள்ளைக் கோடு ஒன்று இழுத்துவிட்டு, வேலையைப் பார் என்று அனுப்பினார்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது மனைவி அந்தக் கோட்டைப் பார்த்தாள். "இது என்ன?"

"சோதிச்சாச்சு, இனிப் பாவிக்கலாம் எண்டு அர்த்தம்."

அவள் தலைக்கவசத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்ப கையைக் கழுவிப்போட்டு வந்து தேங்காயைத் துருவுங்கோ" என்றாள்.

துருவினேன். இந்த நாட்டில் வேறு எந்த வேலையையும் நான் அவ்வளவு சந்தோசமாகச் செய்ததில்லை.